பல் முகாம் வாசலில் கல்கண்டு

இன்று நெடுங்காடு பக்கம் எங்கள் ஊர் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் பல் பரிசோதனை முகாம்.

வாசலில் பேனர்: ‘சிறு வயதிலேயே பற்சொத்தையைத் தடுப்போம்.’

பேனருக்கு நேர் கீழே ஒரு மேசை. அதன்மேல் பன்னீர்ச் செம்பு, சந்தனம், ஒரு தட்டு நிறையக் கல்கண்டு.

என் நாலு வயது மகளுக்கு முன்பல் கறுக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கவலையில்தான் அரைநாள் லீவு போட்டு அழைத்துப் போயிருந்தேன். அவளோ கல்கண்டை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள்.

“பல் முகாமுக்கு எதுக்குக்கா கல்கண்டு?” என்று வரவேற்பில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

“நல்ல காரியம் நடக்குது தம்பி. வர்றவங்கள வெறுங்கையோடவா உள்ள அனுப்புறது?”

உள்ளே, காரைக்காலிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா மகளின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாயில் கல்கண்டு மின்னியது.

என்னை முறைத்தார். “பல்லு இந்த லட்சணத்துல இருக்கு, இதுல இனிப்பு வேறயா? யாரு பாப்பா குடுத்தா?”

மகள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

சரியாக அந்த நேரத்தில் அக்கா தட்டோடு உள்ளே வந்தார். “மேடம், வரும்போது நீங்க எடுத்துக்கவே இல்லையே!”

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரியாதைக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு, ஒரு பக்கக் கன்னம் உப்பியபடியே சொன்னார்: “ராத்திரி பல்லு தேய்க்காம புள்ளைய படுக்க வைக்காதீங்க.”

அடுத்த மாதம் இதே இடத்தில் சர்க்கரை நோய் முகாமாம். தட்டுக்குக் காவல் நிற்க யாரெல்லாம் வருகிறீர்கள்?