பொன் படியாத புரதம்

மூன்றாவது முறையும் குழாயின் அடியில் கறுப்பு வண்டல்தான் தேங்கியது. பேராசிரியர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எனக்கு முன்னால் இதே ஆய்வைச் செய்த அக்காவின் படங்களில் அந்தத் திரவம் ரோஜா சிராப் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருக்கும்.

"அவ செஞ்சது உண்மைதானான்னு எனக்கே டவுட்டா இருக்கு" என்றார். அறைக் கதவு திறந்திருந்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

சுபாங் ஜெயாவில் அந்த ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் வேலை ஒரு புரதத்தோடு. உப்புக் கரைசலில் விட்டால் அது தானாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத குழல்களாக நீளும். அப்புறம் பொன் உப்பையும் அதை உலோகமாக்கும் மருந்தையும் சேர்த்தால், குழல்களின் மேல் பொன் பொடி மணிகளாக வரிசை கட்டிப் படியும். எந்தக் கருவியாலும் அத்தனை மெல்லிய கம்பியை இழுக்க முடியாது. புரதத்தை அச்சாக வைத்துச் செய்துவிடலாம் என்பது எங்கள் நம்பிக்கை. குழல் உருவாகவில்லை என்றால் பொன்னுக்குப் பிடிமானம் இல்லை. திரண்டு, கறுத்து, அடியில் உட்கார்ந்துவிடும்.

அக்கா எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்தார். இந்தக் கூடத்தில் இடம் இருப்பதை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

"அவகிட்ட நீயே சொல்லிடு. இன்னும் ஒரு தடவை வரலைன்னா நான் மேல ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும்" என்றார் பேராசிரியர்.

போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் அறையிலிருந்து இறங்கி ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். அக்கா காப்பாரிலிருந்து காரில் வந்து நிலையத்துக்கு வெளியே நின்றார். பின்னிருக்கையில் அவர் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. கார் நகரவில்லை.

"ப்ரோஃப் என்ன நெனைக்கிறாருன்னு விடு. நீ என்ன நெனைக்கிற?"

"எனக்குத் தெரியலக்கா. நான் நீங்க எழுதினபடியேதான் செஞ்சேன்."

"தெரியலன்னா, நான் பொய் சொல்லியிருக்கலாம்னு அர்த்தம்லா."

இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு வண்டலை மூன்று தடவை பார்த்தவள் நான்.

"சனிக்கிழமை வரேன். நானே செஞ்சு காட்டுறேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். பேராசிரியரும் வந்து தன் அறையில் உட்கார்ந்துகொண்டார். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு அளவையும் எனக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார். நான் செய்ததற்கும் அவர் செய்ததற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மருந்தை விட்டதும் திரவம் லேசாகச் சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாம்பலாகி, கறுத்து இறங்கியது.

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தார்.

"இங்க எப்பவும் இப்படித்தான் குளிருமா?"

"நான் வந்ததுலேருந்து இப்படித்தான்."

"ஏர்கோன் எப்ப சரி பண்ணாங்க?"

கெட்டுப்போயிருந்ததே எனக்குத் தெரியாது. அவர் இங்கே வேலை செய்த காலத்தில் அது ஓடவே இல்லையாம். வேர்வை சொட்டச் சொட்டத்தான் எல்லாவற்றையும் செய்தாராம். ஆய்வேட்டில் 'அறை வெப்பநிலை' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த அறை அப்போது வெளியே இருக்கும் வெயிலுக்குச் சமமாக இருந்திருக்கிறது. சில புரதங்கள் குளிரில் கோத்துக்கொள்ளாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த பாடம்தான். கையில் இருந்த புரதத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

புதுக் கரைசலை வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம். பொன் உப்பையும் மருந்தையும் அவர் என்னைச் சேர்க்கச் சொன்னார். அவர் விரல்கள் இன்னும் குளிரில் விறைத்தே இருந்தன. சிவப்பு வந்தது. கறுக்கவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் கறுக்கவில்லை.

திங்கட்கிழமை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குழல்கள் தெரிந்தன, அவற்றின் மேல் வரிவரியாகப் பொன் புள்ளிகளும். பேராசிரியர் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"குட். டெம்பரேச்சரைத் தெளிவா போடச் சொல்லு அவள."

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லக்கா."

"சரி."

அவர் தேர்வில் தேறினார். பிறகு வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்ததாகவும் வந்தன. விசேஷங்களில் பார்த்தால் இப்போதும் நன்றாகத்தான் பேசுவார், குழந்தையை என் மடியில் கொடுப்பார். வேலையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.