ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம்

ஸ்டியரிங் வேலையில் பார்ட்ஸ் மாற்றுவதற்குக் கொஞ்ச நேரம் போதும். அந்தப் பார்ட்ஸ் இருக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஒரு பகல் வேண்டும். பழைய போர்வீல் கெப் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்து, கண்ணில் சேறு விழ, 'இதை இங்கே வைத்தவன் யார்' என்று யோசித்த சகோதரர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கல்முனையில் கராஜ் வைத்திருக்கிறேன். வயல் வட்டைக்குப் போய்வரும் கெப்புகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் ஒன்று போன மாரியில் என் இடுப்பையும் முறித்து, பெயரையும் கெடுக்கப் பார்த்தது.

குறை ஒன்றும் இல்லை

இல்யாஸ் மருதமுனைப் பிள்ளை. சம்மாந்துறையில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருப்பவர். வீடு மாமனார் மகளுக்குக் கட்டிக் கொடுத்தது. வாசலில் நிற்கும் நாலு கதவுக் கெப்பும் அவர் கொடுத்ததுதான். இப்படிக் கொடுத்த வீட்டில் கூரை ஒழுகினாலும் மருமகன் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். கெப்பைக் குறை சொன்னால் மாமனாரின் முகத்தில் அடித்தது போலாகிவிடும்.

ஒரு நாள் இல்யாஸ் அந்தக் கெப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் சில்லு அசைகிறது. கீழே படுத்துப் பார்த்தால், இரண்டு பக்கச் சில்லையும் இணைக்கும் நடுக்கம்பியைத் தாங்குகிற 'ஐட்லர் ஆம்' என்ற துண்டு தேய்ந்து, கம்பி கைக்கே ஆடுகிறது. அது என்றைக்கும் கழன்று விழலாம். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை வாய்க்கால் ஓரமாகவே ஓடுகிறது. மழை நாட்களில் இல்யாஸின் மனைவி றிஸ்மியா இரண்டு பிள்ளைகளையும் இதே கெப்பில்தான் கொண்டுபோய் விடுவாள். இல்யாஸ் இதைச் சொன்னதும், ஒயில் மாற்றுகிற சாட்டில் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். மாமனாருக்குத் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு நாளும் ஏன் காட்டவில்லை, என்ன குறை என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"வாகனத்தில குறை ஒண்டும் இல்ல காக்கா. ஓடக்குள்ள அது தன்ட பாட்டில வாய்க்காலுக்குள்ள இறங்கப் பாக்குது, அவ்வளவுதான்."

அடுத்த நாள் வந்தவர்

அடுத்த நாள் அந்த மாமனாரே வந்தார். நிறைய வயல் உள்ள ஆதம்பாவா போடியார் என்றால் அந்த வட்டையில் தெரியாதவர் இல்லை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், பசளையைப் பற்றிப் பேசினார், என் வாப்பாவின் கால்வலியை விசாரித்தார். பிறகு எழும்பிப்போய்க் கராஜின் ஒரு கதவைச் சாத்தினார்.

போன கிழமை வட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது ஸ்டியரிங் ஆடுவதைக் கண்டுபிடித்தாராம். கலியாணத்துக்குக் கொடுத்த வண்டி. மருமகனுக்குத் தெரிந்தால், ஓடித் தேய்ந்ததைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்க மாட்டானா? பேரப்பிள்ளைகள் ஏறுகிற வண்டி, விடவும் முடியாது. அவன் ஒயில் மாற்றக் கொண்டுவரப் போகிறானாம். அந்த நேரத்தில் சத்தமில்லாமல் இதையும் முடித்துவிட வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நெற்றியைத் துடைப்பதுபோல முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு ஓம் என்றேன். ஒரே வேலைக்கு இரண்டு இரகசியம். என் தொழிலில் இது புதிது.

"மருமகனுக்கு மூச்சு விட்டிராத மனே. தங்கமான புள்ள, இதுவரைக்கும் ஒண்டையும் கண்டுபுடிக்கல்ல."

கை போகாத இடம்

என்னோடு வேலை செய்யும் தங்கராசா வீரமுனைக்காரன். மெலிந்த ஆள், நீளக் கை. கராஜ் வைத்திருப்பவனுக்கு இப்படி ஒருவன் வேண்டும். நான் பாதி தூரம் போனாலே வயிறு தட்டும். ஐட்லர் ஆம் சேசியின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருந்து போனால் புகைக்குழாய் தடுக்கிறது, கீழே இருந்து போனால் முன் டிப்பரன்சல் தடுக்கிறது. நடுவில் இரண்டு விரலுக்கு இடம் உண்டு. ஸ்பானரை மாட்டலாம், ஆனால் திருப்ப முடியாது. திருப்பக்கூடிய பக்கமாக மாட்டினால் நட்டு அகப்படாது.

அதற்கு மேல் பல போகத்துச் சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. உளி வைத்துத்தான் உடைத்தோம். நட்டுக்குக் காவலாக இருக்கும் ஸ்பிளிட் பின் துருவேறி, இழுத்தால் உடைந்து பாதி உள்ளே நின்றுவிட்டது. தங்கராசா ஒரு கையால் டோர்ச்சைப் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரலால் அதைச் சுரண்டினான். நான் வெளியே குந்தியிருந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று அவனுக்குத் தேவையில்லாத ஆலோசனைகள் சொன்னேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், அவன் அதே இடத்தில் அதே நட்டோடுதான் கிடக்கிறான். பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால்தான் பழைய துண்டு கையோடு வந்தது. புதியதை ஏற்றி, நட்டை இறுக்கி, புதுப் பின் போட்டு, சில்லு நேர் பார்த்து முடித்தோம். வெளியே ஊர்ந்து வந்த தங்கராசாவின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது. தலையைத் தட்டினான், தரையில் ஒரு குவியல் விழுந்தது.

"இந்த மண்ணெல்லாம் வயலுக்க கிடந்திருந்தா போடியாருக்கு இன்னும் ரெண்டு மூடை விளைஞ்சிருக்கும் பாஸ்."

முந்தியதை விட மோசம்

இல்யாஸ் வந்து வண்டியை எடுத்தார். ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கண்டு எனக்கு இடுப்புவலி பாதி போய்விட்டது. மீதிப் பாதி மறுநாள் காலையில் திரும்பி வந்தது. கொட்டும் மழையில் ஓட்டோவில் வந்து இறங்கினார் மாமா. நேற்று மாலை மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வட்டைக்குப் போனாராம். ஸ்டியரிங் முந்தியதை விட மோசமாக ஆடுகிறதாம். நான் படுத்துக் கிடந்தேனா, படுத்துத் தூங்கினேனா என்று கேட்டார். தங்கராசா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

மாமாவை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, பின்பக்கம் போய் இல்யாஸுக்கு அழைத்தேன். அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

"நீங்க பயப்படாதீங்க காக்கா. மாமா கண்டுபுடிக்காத மாதிரி, பழைய மாதிரியே நல்லா ஆட்டி ஆட்டித்தான் ஓட்டினன்."

மதகடி வளைவு

நான் போனை வைக்கக்கூட இல்லை, உள்ளே மாமாவின் போன் அடித்தது. றிஸ்மியா. மழை என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கெப் மதகடி வளைவில் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. மாமா எழும்பினார், திரும்ப உட்கார்ந்தார், 'புள்ளைகள்?' என்று கேட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, முழங்கால் தண்ணீர்தான், உழவு மெசின்காரர் ஒருவர் கட்டி இழுத்துவிட்டார், நேரே கராஜுக்குத்தான் வருகிறேன் என்றாள்.

அவள் வந்து சேரும் வரை நான் பட்ட பாடு எந்த மெக்கானிக்குக்கும் வேண்டாம். பின் போட்டோமா? போட்டோம். வளைத்தோமா? வளைத்தது நினைவில் இருக்கிறது. ஆனால் நினைவை நம்பி இரண்டு பிள்ளைகளின் உயிரை விட முடியுமா? தங்கராசா கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். யா அல்லாஹ், எங்கள் கையால் மட்டும் நடந்திருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

கெப்பை அவளே ஓட்டி வந்தாள், நூல் பிடித்த மாதிரி நேராக. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் இல்யாஸ். பிள்ளைகள் இரண்டும் நனைந்த சப்பாத்தோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. மாமா சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் யாரோடும் பேசாமல் வண்டிக்குக் கீழே போனேன். வயிறு தட்டியதாகக்கூட ஞாபகம் இல்லை. நட்டு இறுக்கமாக இருந்தது. பின் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது.

வெளியே வந்தபோது மாமா, நேற்றே ஆடியது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இல்யாஸ், இல்லை மாமா, அது நான்தான் என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு மேலும் இரகசியம் காக்க நான் வைத்தியர் இல்லை. முதலில் வந்தவர் யார், அடுத்த நாள் வந்தவர் யார், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

றிஸ்மியா எல்லாவற்றையும் கேட்டாள். ஸ்டியரிங் ஆடுவது அவளுக்குப் பிள்ளை பிறப்பதற்கு முந்தியே தெரியுமாம். வாப்பாவிடம் சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும், மாப்பிள்ளையிடம் சொன்னால் கொடுத்ததைக் குத்திக் காட்டுகிறாள் என்று வரும் என்று, ஒருவருக்கும் சொல்லாமல் அந்த ஆட்டத்தோடேயே ஓட்டப் பழகிக்கொண்டாளாம். மதகடி வளைவுக்கு முக்கால் சுற்றுக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய கைக்கு மனப்பாடம். இன்றைக்கும் முக்கால் சுற்றுத்தான் கொடுத்தாள். ஆட்டம் போன கெப் சொன்ன சொல் கேட்டுவிட்டது.

"இத்தின வருசமும் பழுதான வண்டியில என்ட புள்ளைகளப் பத்திரமாக் கொண்டு போனன் காக்கா. மூணு பேரும் சேர்ந்து சரியாக்கின புறகுதான் அதுகளத் தண்ணிக்குள்ள இறக்கினன்."

அன்றிலிருந்து யார் வந்து என்ன இரகசியம் சொன்னாலும், வண்டி ஓட்டுகிற வீட்டார் எல்லாரையும் வரவழைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லாமல் நான் சாவியைக் கொடுப்பதில்லை. வாடிக்கைக்காரர் கொஞ்சம் குறைந்துவிட்டார்கள், தங்கராசாவின் விரலுக்குக் கொஞ்சம் ஓய்வு.