சீனியில்லாத டீ

ஜாய்ஸுக்குச் சர்க்கரை நோய் வந்ததில் பூமாரிக்கு அப்படியொரு பொறாமை. சிரிக்காதீர்கள். இருவரும் போடி ஏலக்காய் ஸ்டோரில் பதினோரு வருசமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிறவர்கள். ஜாய்ஸ் மயங்கி விழுந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்டோரே ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தது. திரும்பி வந்தவளுக்கு அதே ஜன்னலோர இடம், தனியாகச் சீனியில்லாத டீ. மாத்திரையை எல்லார் முன்னாலும் டப்பென்று வாயில் போடுவாள். மகாராணி!

பூமாரியும் மாத்திரை போடுகிறவள்தான். காதுக்குள் யாரோ திட்டுகிற குரல் அதில்தான் அடங்கியது. ஆனால் மூன்று வருசமாகக் கக்கூசுக்குள் ஒளிந்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

போன மாசியில் குரல் மறுபடி வந்து, அவளும் இருபது நாள் மனநல வார்டில் கிடந்தாள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே போகிறேனென்று இவள் சொன்னால்தானே! திரும்பி வந்ததும் "என்னாச்சு?" என்று கேட்டவர்களிடம், வயிற்றெரிச்சலில் "எனக்கும் சுகருதான்" என்று அடித்துவிட்டாள்.

"ஐயோ ஆத்தா, காத்து வருது, இங்கன உக்காரு" என்றாள் ஜாய்ஸ். பூமாரிக்கும் சீனியில்லாத டீ வந்தது. குடிக்கவே முடியவில்லை. ஆனாலும் பெருமையாகக் குடித்தாள்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. அவள் பையிலிருந்து விழுந்த மனநல வார்டு மருந்துச்சீட்டைச் சூப்பர்வைசர் கர்ணன் படித்துவிட்டார்.

"நீ இனிமே காய்ல கை வைக்க வேணாம்மா. கீழ விழுற காம்பைக் கூட்டு. மத்தவுக பயப்படுறாக."

விளக்குமாறும் கையுமாக நின்ற பூமாரி ஜன்னலோரத்தில் இருந்த ஜாய்ஸைப் பார்த்தாள். பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஆஸ்பத்திரியிலிருந்து இவள் கிளம்பும்போது வார்டு நர்ஸ் அபிதா சொன்னது அப்போதுதான் உறைத்தது: "உடம்புச் சீக்கும் மனசுச் சீக்கும் சட்டத்துக்கு ஒண்ணுதான்க்கா. அதைச் சொல்லி ஒதுக்கக் கூடாது."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஜாய்ஸக்காவும் இருபது நாள் கிடந்தாக, நானும் கிடந்தேன். அவுகளைக் கூட்டச் சொன்னீகளா? சட்டம் இருக்கு. இலவச வக்கீலும் இருக்காக. போகவா?"

"சரி சரி, வேலையப் பாரு" என்று விளக்குமாற்றைக் கர்ணனே எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பூமாரி எல்லார் முன்னாலும் மாத்திரையை டப்பென்று வாயில் போட்டாள். டீக்காரர் பலவேசம் வழக்கம்போல் சீனியில்லாத கிளாஸை நீட்டினார்.

"எனக்குச் சுகரெல்லாம் இல்லண்ணே. சீனி தூக்கலாப் போட்டுக் குடுங்க."

அவள் உறிஞ்சிக் குடிப்பதையே ஜாய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. பொறாமைதான்.