பதின்மூன்றாம் வீடு

"கொஞ்சம் பொறுங்கோ" என்று வலது கையை உயர்த்துகிறார். பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டும். கை மடிக்கு இறங்குகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து முழங்காலின் மேல் எதையோ எழுதி முடிக்கின்றன. "ம். சொல்லுங்கோ." சொல்லப்பட்ட விஷயம் இவ்வளவுதான்: இன்றைக்கு லண்டனில் மோர்டன் வரைக்கும் ரயில் ஓடவில்லை.

செபமாலைமுத்து இலங்கையில் முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவர். சாட்சியங்களைத் தன் கையாலேயே எழுதினார். தட்டச்சு செய்பவரை நம்பியதில்லை. சாட்சி ஒரு வாக்கியம் சொல்வார், இவர் எழுதுவார், பிறகு அடுத்தது. எண்பத்துநாலு வயதில் பேனா போய்விட்டது, வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. மகள் பெனிற்றா அவரோடு பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் தானாகவே நிறுத்துகிறாள். மாதா கோயில் இளைஞர்கள் இதற்கு "ஐயா பஃபரிங்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

செபமாலைமுத்து பாண் வாங்கப் போவதென்றாலும் டை கட்டுவார். குழம்பில் உப்புக் கூடவா என்று மகள் கேட்டால், "ரெண்டு பக்கமும் சொல்ல இருக்கு" என்பார். கோயிலில் வருடாவருடம் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். வருடாவருடம் ஒரே பதில்: "தீர்ப்புச் சொல்லி முடிச்சிட்டன், பிள்ளை."

அந்தத் தீர்ப்புகளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தெற்கே ஒரு நகரத்தில், ஏழு தமிழ் இளைஞர்களை ஒரே நாளில் விடுதலை செய்தார். பத்திரிகைகள் அவரைப் புலியின் நீதிபதி என்று எழுதின. தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். அங்கே நாலு வருடம் கழித்து அதேபோல ஒரு வழக்கு வந்தது, எட்வேட் என்ற இளைஞனுடையது. எட்வேட்டுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலம், அடியில் அவனுடைய தமிழ்க் கையெழுத்து. அடித்து வாங்கியது என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். செபமாலைமுத்து எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். தழும்புகளை எண்ணினார். பதினொன்று. நீளம், இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, அவை எப்படி வந்தன என்பதைக் குற்றம் சாட்டப்பட்ட எதிரி நிரூபிக்கவில்லை என்று எழுதிப் பதினைந்து வருடம் கொடுத்தார். அடுத்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு மேன்முறையீட்டில் எட்வேட் வெளியே வந்தார். மேல் நீதிமன்றம் நம்பியது வேறெதையும் அல்ல, இவர் கைப்பட எழுதிய அந்தக் குறிப்பைத்தான். இதனால் ஐயா வேண்டுமென்றே ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். பயந்து கையெழுத்துப் போட்டார் என்று மற்றவர்கள். தீர்ப்பைப் பதவிக்கு விற்றார் என்பவர்களும் உண்டு. அவர் எதையும் மறுத்ததில்லை.

எட்வேட் மோர்டனுக்கு வந்து பதினொரு வருடமாகிறது. சுப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை. மனைவி றொசாந்தி, இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவர்கள் வலது பக்கத்துத் தூணருகே இருப்பார்கள், செபமாலைமுத்து இடது பக்கம். சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் திரும்பித் திரும்பிக் கைகூப்புவார்கள். எட்வேட்டும் எல்லாப் பக்கமும் திரும்புவார். முகத்தில் ஒன்றும் இருக்காது. கிழவர் கூப்பிய கையை எல்லாரையும் விடக் கொஞ்சம் பிந்தித்தான் இறக்குவார்.

ஒருநாள் கோயில் வாசலில், மகளின் காருக்காகக் காத்திருந்தபோது, ஏன் அப்படித் தீர்த்தீர்கள் என்று நான் அவரிடம் கேட்டேன். கை உயரவில்லை.

"அவன் கேக்கோணும். அவன் கேட்டா அவனுக்குச் சொல்லுவன். முப்பது வருசமா வச்சிருக்கிறன். உங்களுக்குச் சொல்ல ஏலாது."

கார் வந்தது. இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார். "அவன் கேப்பான் எண்டு நினைக்கிறீங்களோ?"

ஒக்டோபரில் மாதாவின் சுருபம், ஒரு சின்னச் சிலை, எங்கள் கோயில் பங்கில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரரே சுருபத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, உள்ளே இருந்து, அவர்களோடு செபமாலை சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால் பட்டியல் போடுவது சின்ன வேலை அல்ல. காணிச் சண்டைக்காரர், கலியாணம் குழம்பிய குடும்பங்கள், யார் யாரை அடுத்தடுத்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் வருடாவருடம் பட்டியல் போடும் பியற்றிஸ் அன்ரிக்கு மனப்பாடம். கடந்த வருடம் அவவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. பட்டியலை லண்டனில் பிறந்த பிறேமினி போட்டாள். தபால் குறியீட்டை வைத்து, கிட்டக் கிட்ட இருக்கும் வீடுகளாக. பன்னிரண்டாவது செபமாலைமுத்து. பதின்மூன்றாவது எட்வேட்.

பூசை முடிந்து பட்டியலைக் கையில் வாங்கிய பியற்றிஸ் அன்ரி ஊன்றுகோலோடு சுவரில் சாய்ந்தா.

"என்ன பிள்ளை செய்து வச்சிருக்கிறாய்?"

"ஏன் அன்ரி, நடந்தே போகலாம். ஆறு நிமிஷம்தான்."

மாற்றிவிடலாம் என்று அன்றைக்கே பெனிற்றாவுக்குப் போன் எடுத்தா. பெனிற்றா தகப்பனிடம் கேட்டாள். மாற்ற வேண்டாம் என்றார். எட்வேட்டிடமும் கேட்க வேண்டுமே என்று றொசாந்தியோடு பேசினார்கள். மாதா வாறதை வேண்டாம் எண்டு சொல்லுறதோ, வரட்டும் என்று அவர் சொன்னதாகப் பதில் வந்தது.

பன்னிரண்டு நாளும் செபமாலைமுத்து சரியாகச் சாப்பிடவில்லை என்று பெனிற்றா சொன்னாள். அறைக்குள்ளே தனக்குத்தானே கதைத்தாராம். இடையில் நிறுத்தி, முதலில் இருந்து தொடங்கினாராம்.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஆறரைக்குப் போனோம். பட்டியலில் இல்லாத ஐந்தாறு பேர் எல்லா வீட்டுக்கும் போவோம், நானும் அதில் ஒருவன். சுருபத்தை மகளிடம் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆறு நிமிடப் பாதைக்குக் கால் மணி நேரம் எடுத்தது. எட்வேட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, தலை நரைத்திருந்தது. சுருபத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது ஒருவர் விரல் மேல் ஒருவர் விரல் பட்டிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது.

"பாத்து வாங்கோ. படி ஒண்டு கிடக்கு."

நல்ல நாற்காலியை அவருக்குத்தான் போட்டார்கள். கொண்டுவந்தவர் செபமாலையின் முதல் பத்து மணிகளைச் சொல்வது வழக்கம். செபமாலைமுத்து செபத்தின் முற்பாதியைச் சொன்னார், வீடு பிற்பாதியைச் சொன்னது. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அவர் வழக்கத்தை விட அதிகம் நிறுத்தினார். தலை சற்றுச் சாய்ந்திருந்தது. இத்தனை குரல்களுக்குள் ஒன்றைப் பிரித்துக் கேட்கப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்வேட் கண்ணை மூடியபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கடலைவடை, கேக், தேநீர். றொசாந்தி சீனி போடலாமா என்று கேட்டா. எட்வேட் தட்டோடு வந்து எல்லாருக்கும் நீட்டினார், அவருக்கும் நீட்டினார். இன்னொன்று எடுக்கச் சொன்னார். பெனிற்றாவிடம் கார் நிறுத்தும் பேர்மிட் பற்றிக் கதைத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிழவர் கோப்பையைக் காலி செய்யாமல் வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழுந்தார்கள். அவர் எழவில்லை. வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எட்வேட் அவருக்கு முன்னால் வந்து நின்றார். பெனிற்றா கதவடியில் நின்றுவிட்டாள்.

எட்வேட் கையை நீட்டினார். அவர் கோப்பையைக் கொடுத்தார். எட்வேட் அதை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

திரும்பும் வழியில், எட்வேட் ஏதும் கேட்டவரோ என்று பெனிற்றா மெதுவாக விசாரித்தாள். செபமாலைமுத்து கொஞ்ச தூரம் நடந்தார்.

"படி கிடக்கெண்டு சொன்னவன்" என்றார்.

மறுநாள் செவ்வாய். காலையில் மழை. பெனிற்றா வேலைக்குப் போனாள். அவர் இரண்டு துண்டு பாண் சாப்பிட்டார், மாத்திரை போட்டார், மத்தியானம் தூங்கினார். எட்வேட் வீட்டில் நாங்கள் ஆறரைக்குக் கூடினோம். பதினான்காம் வீடு மிச்சம் என்ற பக்கத்து ஊரில், காரில்தான் போக வேண்டும். எட்வேட் சுருபத்தோடு வெளியே வந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் செபமாலைமுத்து டை கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பஸ் ஒன்று வந்து கதவைத் திறந்தது, அவர் ஏறவில்லை, பஸ் கதவை மூடிக்கொண்டு போனது. எட்வேட் வாசற்படியில் இறங்கியபோது அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றார். எட்வேட் காரில் ஏறி, கதவைச் சாத்தி, கார் தெருமுனையில் திரும்பும்வரை கிழவர் நின்றுகொண்டிருந்தார்.