கட்டிலின் இடது பக்கம்

கண்ணை மூடியபடி இடது கையை நீட்டி டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"சாவிக்கா, என்ன பண்றீங்க?"

முதலாளியின் மகள். தோட்டத்து விடுதியை இரண்டு மாதமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். விருந்தாளியின் கட்டிலில், விருந்தாளிக்கென்று விரித்த வெள்ளை விரிப்பில், வேலைக்காரி மல்லாந்து கிடந்தாள்.

"படுத்துப் பாக்குறேம்மா."

"படுத்துப் பாக்குறீங்களா? நாலு மணிக்கு ஆளுங்க வராங்க. நீங்க படுத்த துணியில அவங்க படுக்கணுமா?"

சாவிக்கா கதவுப் பக்கமாகவே இறங்கினாள். இடது பக்கம் இறங்கிப் பார்க்க வாய்க்கவில்லை.

இடுப்பில் ஒன்பது சாவிகள் தொங்குவதால் வந்த பெயர் அது. பம்பு மெக்கானிக்காக இருந்த கணவன் செத்த வருஷம் இங்கே வந்தாள். பம்பு அறையை ஒட்டிய ஒற்றை அறை அவளுக்கு. தன் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் தங்கினால் மருமகன் பஸ் நேரம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவான். ஆகவே இந்த வேலை போனால் வேலை மட்டும் போகாது.

வந்த புதிதில் ஒரு விருந்தாளி. அவரிடம் எல்லாம் சொன்னாள். வேலிக் கம்பியில் கரண்ட் உண்டு. கிணற்றின் மேற்குச் சுவர் முழங்கால் உயரந்தான். நாய்கள் மோந்து பார்க்கும், ஓடாதீர்கள். ஷூவை உதறிவிட்டுக் காலை விடுங்கள். மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலையில் படுக்கையிலிருந்து எழும்போது திறந்திருந்த ஜன்னல் கதவின் இரும்பு முனையில் இடித்து நெற்றியில் ஏழு தையல். தோட்டத்தின் ஒன்பது ஏக்கரையும் யோசித்தவள் ஒரு தலையணையை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து, ஆள் வருவதற்கு முன் கட்டிலில் கால்மணி நேரம் படுப்பாள். எழுவாள். பிறகு விரிப்பை மாற்றுவாள். பதினோரு வருஷம். ஒருவருக்கும் அவள் இதைச் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

இப்போது சொன்னாள்.

"புது விரிப்பு போட்டுடுவேம்மா. நீங்க கட்டிலத் திருப்பிப் போட்டுட்டீங்க. இந்தப் பக்கம் பள்ளம் இருக்கு, அதான்..."

குளியலறை பிற்பாடு கட்டியது. அதன் வாசலில் தரை அரையடி இறங்கும். ஜன்னலில் மரங்கள் தெரிய வேண்டும், படம் நன்றாக வரும் என்று கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தாள் முதலாளியின் மகள்.

"ஒரு முழம் தள்ளித்தானே இருக்கு? கண்ணு தெரியாதவங்களா வரப்போறாங்க? இன்னொரு தடவை இந்தக் கட்டில்ல உங்களப் பாத்தேன்னா, அப்புறம் வேலைக்கு வர வேண்டாம்."

சாவிக்கா நின்று பார்த்தாள். ஒரு முழம் இருந்தது உண்மைதான். விரிப்பை உருவினாள்.

நாலரைக்கு ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பெரியவர் கையில் தடி. சாவிக்கா அதைப் பார்த்தாள். வேலி, கிணறு, நாய் எல்லாம் சொல்லி முடித்தாள். அறையைத் திறந்துவிட்டாள். போயிருக்கலாம். முதலாளியின் மகள் வாசலில் நின்று அந்த அம்மாளுக்கு ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரு உதவி" என்றாள் சாவிக்கா. "கொஞ்சம் படுத்து எழுந்திரிச்சுக் காட்டுங்களேன்."

"எதுக்கும்மா?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "இவரப் படுக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்ல. எழுப்பத்தான் ஆள் வேணும்."

"சாவிக்கா!" என்றாள் மகள்.

"எழுப்பறதுக்குத்தாம்மா நான் நிக்கிறேன்." பெரியவர் வேடிக்கையாகத் தடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தார். "ஆச்சு. சுகமாத்தான் இருக்கு" என்றபடி இடது பக்கமாகக் காலைத் தொங்கவிட்டார். எழுகிறவர் பாதத்தை ஊன்றுவதற்கு முன் தடியை ஊன்றினார். ஒரு முழம் தள்ளி. தடி பள்ளத்துக்குள் போனது, உடம்பு அதன் பின்னால் போனது. சாவிக்கா மார்போடு அவரைத் தாங்கிக்கொண்டாள். இருவரும் சுவரில் மோதி நின்றார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

தன் காலால் ஆயிரம் முறை இறங்கியிருந்தாலும் இது தெரிந்திருக்காது என்று அவளுக்குப் பட்டது. அவளிடம் தடி இல்லை.

"நல்லவேளை, இப்பவே பாத்துட்டாங்க" என்றாள் அந்த அம்மாள், முதலாளியின் மகளைப் பார்த்து. மகளின் முகம் செத்துப்போயிருந்தது.

வெளியே, கார் நிற்கும் இடத்தில், முதலாளியின் மகள் மெதுவாகத்தான் பேசினாள். "எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்."

"சொன்னேம்மா."

"வந்தவங்க முன்னாடி என்னைய நிக்க வெச்சுட்டீங்க. மாசக் கடைசியோட நின்னுக்கங்க."

சாவிக்கா சரி என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிரைவரும் சாவிக்காவும் கட்டிலைப் பழைய சுவரோரம் போட்டார்கள். முதலாளியின் மகள் சொல்லித்தான். பத்து மணிக்கு அவள் டவுனுக்குக் கிளம்பினாள். பெரியவரும் மனைவியும் கிணறு வரை நடந்தார்கள். சாவிக்கா அவர்களுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் நடந்தாள். மத்தியானம் அவர்கள் தூங்கினார்கள். நாலு மணிக்கு வெந்நீர் கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு தன் மகளுக்கு போன் போட்டு, முப்பதாம் தேதி தங்குவதற்கே வருவதாகச் சொன்னாள். மருமகன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றாள் மகள்.