சென்டர் இல்லாமல் ஆடிய சீசன்

1. விழுந்தவன்

1991இல் சீசன் தொடங்கும் முன்பே எங்கள் பாஸ்கெட்பால் டீமில் வளையத்துக்கு அடியில் நிற்கும் சென்டர் தேவராஜ் பிராக்டீஸில் மயங்கி விழுந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் அப்போது பிசிகல் டைரக்டர். வெயில்தான் காரணம் என்று பையன்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்தவன் சிரித்துக்கொண்டே பந்தைக் கேட்டான். நான் நாடி பார்த்தேன். ஓடியவனின் நாடி வேகமாக இருக்கும், ஆனால் சீராக இருக்கும். அவனுடையது தாறுமாறாக அடித்தது.

சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். சின்ன வயதில் மூட்டுவலியோடு வந்த காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது என்றார் டாக்டர். நடக்கலாம், படிக்கலாம், ஓடக் கூடாது. ஆபரேஷனுக்குக் காத்திருக்க வேண்டும்.

தேவராஜ் படப்பைக்காரன். அப்பா பயிர் வைப்பவர். டீமிலேயே உயரம் அவன்தான். வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்ட் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். ஓர் அரசு நிறுவனத்தின் டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் முந்தைய வருஷமே அவனைப் பார்த்து வைத்திருந்தார்கள். இந்த சீசனும் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரன் அவனாகத்தான் இருந்திருப்பான்.

2. பிரின்சிபால் அறையில்

கொஞ்ச நாளில் அவன் மாமா எங்கிருந்தோ ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கி வந்தார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

“சர்டிபிகேட் இருக்கு, வீட்ல சம்மதம் இருக்கு. உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?”

அவனை ஆட விடுவதானால் டீமை வேறு ஆள் கூட்டிப்போகட்டும் என்றேன். அவர் சர்டிபிகேட்டை மடித்து டிராயரில் போட்டு மூடினார். வெளியே தேவராஜ் நின்றிருந்தான்.

“செத்தா நான்தானே சார் சாவப் போறேன். உங்களுக்கு இன்னா சார் போச்சு?”

அதன்பின் அவன் கோர்ட் பக்கமே வரவில்லை.

3. ஜெயித்தது

மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் நடுத்தர உயரம். மேலே எட்டிப் பிடிக்க முடியாது என்றால் ஓடித்தான் ஆக வேண்டும். ஃபுல் கோர்ட் பிரஸ், ஃபாஸ்ட் பிரேக் என்று காலையும் மாலையும் ஓடவிட்டேன். எதிராளி பந்தைக் கையில் வாங்கும்போதே இருவர் மேலே விழ வேண்டும்; பறித்ததும் அவர்கள் திரும்புவதற்குள் ஓடிப்போய் வளையத்தில் போட வேண்டும். கேப்டன் குமரேசன் முனகாமல் ஓடினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள்.

அந்த வருஷம் மைக்கில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே மைதானம் ஒரு கணம் அடங்கும். மே மாதம் ஒரு தலைவர் குண்டுவெடிப்பில் இறந்த ஊர். அந்த அமைதிக்கு நடுவேதான் பையன்கள் கோர்ட்டில் இறங்குவார்கள். மண்டலப் போட்டியில் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்தோம். ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் ஸ்கோர் சமமாக நின்றபோது, குமரேசன் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடி, வளையத்தை ஒட்டி எழும்பி லே-அப் போட்டான். கல்லூரிக்கு முதல் கோப்பை.

மறுநாள் கோப்பையை எடுத்துக்கொண்டு நானும் குமரேசனும் படப்பைக்குப் போனோம். தேவராஜ் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

“நேத்துலேர்ந்து சோறு துன்னல சார். இன்னாடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்.”

உள்ளே அவன் பாயில் படுத்திருந்தான். கோப்பையைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே பேசினான்.

“தோத்திருந்தா, தேவராஜ் இல்லாததாலதான்னு சொல்லிகினு இருப்பாங்க. நான் இல்லாமயே ஜெயிச்சிட்டீங்களே சார். இனிமே நான் யாரு?”

குமரேசன் கோப்பையை மூலையில் தள்ளிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“ரீபவுண்ட் ஒண்ணுகூட எங்க கைக்கு வர்லடா. ஓடி ஓடித் தப்பிச்சோம். ஸ்டேட் லெவல்ல இது செல்லாது. உயரமானவன எப்டி முதுகால தடுத்து நிறுத்துறதுன்னு நீ வந்து சொல்லிக் குடு.”

குமரேசன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் தேவராஜ் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

“போஸ்ட்டுக்கு அடியில யார்டா நின்னது?”

மதியம் வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அம்மா கொண்டுவந்து வைத்த சோற்றை அவன் சாப்பிட்டான்.

அடுத்த பிராக்டீஸுக்கு தேவராஜ் வந்தான். போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவனும் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். மாநிலப் போட்டியில் செமி ஃபைனல் வரை போனோம். அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஆபரேஷன் மறு வருஷம் நல்லபடியாக முடிந்தது. பின்னாளில் ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்தான். பந்தை மட்டும் அவன் மறுபடி தொடவே இல்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆடக் கூடாதவனைத் தடுக்கத் தைரியம் வேண்டும். அதை எப்படியாவது வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவனைக் கோர்ட்டிலிருந்து வெளியே கூப்பிடுகிற அதே நாளில், டீமில் அவனுக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டாவது பாதியை நான் குமரேசனிடம்தான் கற்றுக்கொண்டேன்.