பார்த்த ஒருவர் வாய் திறக்க வேண்டும் என்று வேண்டினேன்

அன்று சாயங்காலம் பள்ளி வேனில் இருந்து இறங்கிய என் மகள் செல்வி, என்னைத் தொடவே விடவில்லை. ஒன்பது வயது. பிறந்ததில் இருந்து பேச்சு வரவில்லை. வலித்தாலும் பசித்தாலும் என் சேலையைப் பிடித்து இழுப்பாள். அன்று சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டாள். மெல்ல சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு கணுக்காலைச் சுற்றியும் சிவப்பாகத் தடித்திருந்தது.

நான் சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிற வேலை பார்க்கிறேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"பக்கத்துல வெடி போட்டுப் பாத்திருக்காங்க. சத்தத்துக்குப் பயந்து பிள்ள ரோட்டுக்கு ஓடப் பாத்துச்சு. கையப் பிடிச்சு நிறுத்துனோம், அம்புட்டுத்தான்" என்றார் தலைமையாசிரியை.

"கையப் பிடிச்சா கால்ல எப்படி டீச்சர் தடம் விழும்?"

"அது வீட்டுல நடந்திருக்கும். அங்கன விசாரிங்க."

அந்தச் சொல்லில் நொறுங்கிப் போனேன். அடித்தவளாக என்னையே ஆக்கிவிட்டார்கள்.

"விட்டுரு. இந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்னுட்டா இவள எங்கன கொண்டு சேக்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பயமும் நியாயம்தான். இருந்தாலும் விருதுநகரில் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். விசாரணைக்கு வரச் சொன்னார்கள்.

கம்பெனியில் என் பக்கத்தில் இருக்கும் பாண்டியம்மா அக்கா, "பிள்ள பேசாது. பாத்தவுக யாரு வந்து சொல்லப் போறா?" என்று கேட்டார்.

எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் போய் விழுந்தேன். "தாயி, நான் யாரையும் தண்டிக்கக் கேக்கல. பாத்த ஒரு ஆளு வாயத் திறக்கணும்." செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தேன். யாரும் வரவில்லை. உனக்கும் காது கேட்கவில்லையா என்று அம்மனிடமே சண்டை போட்டேன்.

விசாரணையில் அதிகாரி முன்னால் தலைமையாசிரியை அதே கதையைச் சொன்னார். அடுத்து செல்வியின் வகுப்பு டீச்சர். சின்ன வயசுப் பெண். செல்வி அவரைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அதை அவரும் பார்த்தார். அதிகாரி பக்கம் திரும்பினார்.

"கையப் பிடிச்சோம்னு சொல்லலேன்னா வேலை போயிரும்னாங்க சார். அது உண்மையில்ல. ஓடிரக் கூடாதுன்னு பெஞ்சுல உக்கார வச்சு துப்பட்டாவால ரெண்டு காலையும் கட்டுனோம். முடிச்சு நான்தான் போட்டேன். மதியம் வரைக்கும் அவுக்கல."

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. கத்தவும் தெரியாமல் என் பிள்ளை கட்டுண்டு கிடந்ததைக் காதால் கேட்டு விம்மி அழுதேன்.

வீட்டில் நடந்தது என்ற சொல்லைப் பள்ளி திரும்பப் பெற்றது. தலைமையாசிரியை மீது நடவடிக்கை எடுத்தார்கள். செல்வி இப்போது சிவகாசியில் வேறு பள்ளிக்குப் போகிறாள். இன்னும் தூக்கத்தில் காலை உதறுகிறாள். அதற்கும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முன்பெல்லாம் படித்தவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்போது எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு என்ன என்றாலும், அந்தப் பிள்ளையின் அம்மாவோடு நானும் பள்ளிக்கூடம் போய்க் கேட்கிறேன். வேலை போய்விடும் என்று நடுங்கிய அந்தச் சின்ன டீச்சரின் நாவில் அன்று நின்றவள் என் தாய் மாரியம்மன்தான் என்று நம்புகிறேன். உங்கள் பிள்ளை உடம்பில் ஒரு காயம் கண்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். அவளிடம் அழுங்கள். அழுதுவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள். அவள் கூட வருவாள்.